நீலக் கார்

இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை நான் வேண்டுமென்றேதான் வேலை செய்யாமல் விட்டேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று மகளிடம் சொன்னது பொய்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது பெரியப்பா வீட்டுக்கு டி.வி.யில் மாட்டி ஆடும் வீடியோ கேம் வந்தது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, அவர்களுடைய பட்டுப்புழுக் கொட்டகைக்கு மல்பெரித் தழை அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தழை போட்டு முடித்ததும் உள்ளே வந்து ஆடலாம் என்று பெரியப்பா மகன் சொன்னார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அன்றைக்கும் இன்றைக்கும் அவர் எனக்கு அண்ணன்தான்.

அது கார் பந்தயம். சிவப்புக் கார் ஒன்று, நீலக் கார் ஒன்று. "செவப்பு என்து, நீலம் உன்துடா" என்று ஒரு ஜாய்ஸ்டிக்கை என் கையில் கொடுத்தார். பதினைந்து நாள் ஓட்டினேன். வளைவு வந்தால் உடம்பையும் சேர்த்து வளைத்தேன். சில நாள் நீலக் கார் ஜெயித்தது. வீட்டுக்கு ஓடி, "இன்னிக்கு அண்ணன ரெண்டு தடவ ஜெயிச்சேம்மா" என்றேன். அம்மா அதைத் தண்ணீர்க் குழாயடியில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

அந்த வீட்டில் ஒரு காதுகுத்து. கூடம் நிறைய சொந்தக்காரர்கள். எல்லோர் முன்னாலும் அண்ணன் என்னை ஓட்டச் சொன்னார். நான் வளைந்து வளைந்து ஓட்டிக்கொண்டிருந்தபோது பாயைத் தூக்கி, என் ஜாய்ஸ்டிக்கின் ஒயர் முனையை எடுத்துக் காட்டினார். அது எதிலும் சொருகியிருக்கவில்லை. டி.வி.யில் நீலக் கார் போய்க்கொண்டே இருந்தது.

"அந்தக் கார மிஷினே ஓட்டுதுடா. பதினஞ்சு நாளா சும்மா அமுக்கிக்கினு இருக்கற! இதுக்குத்தான் படிக்கணும்ங்கறது."

கூடமே சிரித்தது. அம்மாவும் அங்கே இருந்தாள். அவளும் சிரித்தாள். நான் அழவில்லை. "ஒரே ஒரு தடவ நெஜமா சொருவுண்ணா" என்று கேட்டேன்.

"சோறு ஆறுது. அப்பறம் பாக்கலாம்" என்று டி.வி.யை அணைத்துவிட்டார். அந்த அப்புறம் வரவேயில்லை.

இப்போது நல்லம்பள்ளியில் மிக்சி, ஃபேன் பழுது பார்க்கிறேன். எனக்கு அவ்வளவாகப் பேச்சு வராது. சாமானைக் கொண்டு வருகிறவர்கள் கோளாறைச் சொல்வார்கள், நான் தலையாட்டுவேன். அண்ணன் ஓசூரில் ஒரு கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை மாரியம்மன் பண்டிகைக்கு வருவார். வந்தால் அவர்தான் பேசுவார்.

கல்லூரியில் படிக்கும் என் மகள், போன வருஷம் அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் அந்தக் காலத்துக் கேம்கள் ஆடும் புரோகிராம் ஒன்றை ஏற்றினாள். "எதாச்சும் தெரியுதாப்பா?" என்று படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். இங்கிலீஷில் இருந்த பெயரை என்னால் படிக்க முடியவில்லை. ஆனால் சிவப்புக் காரையும் நீலக் காரையும் பார்த்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். மறுநாளே தருமபுரிக்குப் போய் இரண்டு ஜாய்ஸ்டிக் வாங்கி வந்தேன்.

அவற்றைப் பழக்கத்தான் நாளானது. கம்ப்யூட்டருக்கு எந்தப் பட்டன் எதற்கு என்று தெரியாது, நாம்தான் சொல்லித்தர வேண்டும். திரையில் ஜாய்ஸ்டிக் படம் வரும். அதில் ஒவ்வொரு பட்டனாக மின்னும். மின்னும்போது கையில் உள்ளதில் அதையே அமுக்கினால் பதிந்துகொள்ளும். இங்கிலீஷ் எழுத்துத் தெரியாவிட்டாலும் படம் தெரிந்தால் போதும். முதலில் நான் ஒரு பட்டன் பின்தங்கிவிட்டதால், இடதை அமுக்கினால் பிரேக் பிடித்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். ஒரு ஜாய்ஸ்டிக் கை வைக்காமலே இடது பக்கம் இழுத்தது. சின்ன அசைவைக் கண்டுகொள்ளாதே என்று சொல்ல ஓர் இடம் இருப்பதை மகள் காட்டினாள். அதைக் கொஞ்சம் கூட்டியதும் நின்றது. எதை முதலில் சொருகுகிறோமோ அது முதல் ஆளாகிவிடுகிறது என்பதையும் இரண்டு நாள் குழம்பியபின் கண்டுபிடித்து, முதல் ஒயரில் சிவப்பு டேப் சுற்றினேன்.

இரண்டாவதைப் பதிய உட்கார்ந்த அன்றுதான் கை நின்றது. ஒரு ஆள் மட்டும் ஆடினால் நீலக் காரைக் கம்ப்யூட்டரே ஓட்டுகிறது. ஜாய்ஸ்டிக்கைச் சொருகினால் விளக்கு எரிகிறது. ஆனால் பட்டன்களைப் பதியாவிட்டால் அது வெறும் கட்டை. எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இரண்டாவதை அப்படியே விட்டுவிட்டேன்.

பண்டிகைக்கு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மத்தியானம், அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் சொந்தக்காரர்கள். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"டேய், நம்ம கேமுடா இது! எங்கடா புடிச்ச?"

அவர் கண் முன்னாலேயே இரண்டு ஒயரையும் சொருகினேன். விளக்கு எரிந்தது. "நீங்க நீலம் எடுத்துக்கோங்கண்ணா" என்றேன். அவ்வளவு நீளமாக நான் பேசி அவர் கேட்டதில்லை.

முதல் வளைவிலேயே, "என்னடா, திருப்பினா கொஞ்சம் லேட்டா திரும்புது?" என்றார்.

"பழசுங்கண்ணா."

"ஆமா ஆமா, பழசு அப்படித்தான். நாமதான் முன்னாடியே திருப்பணும்." காரணத்தை அவரே கண்டுபிடித்துக்கொண்டார். நான் வேண்டுமென்றே பின்தங்கினேன். நீலக் கார் ஜெயித்தது. இரண்டாவது ஆட்டமும் அதுதான். அண்ணன் உடம்பை வளைத்தார். கண்ணாடி மூக்கில் இறங்கியது.

"பாருங்கய்யா, இந்தக் கை இன்னும் மறக்கல! இவன் அன்னிக்கும் தோத்தான், இன்னிக்கும் தோக்கறான்" என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினார்.

மூன்றாவது ஆட்டத்தில், நீலக் கார் முன்னால் பறந்துகொண்டிருக்கும்போது, நான் குனிந்து அவருடைய ஒயரைப் பிடுங்கினேன். முனையை அவர் மடியில் வைத்தேன். கார் பறந்துகொண்டே இருந்தது. அவர் கட்டைவிரல்கள் இன்னும் இரண்டு வளைவுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தன. அவரிடம் திருப்பிச் சொல்ல ஒரு மாதமாக மனப்பாடம் செய்திருந்த வாக்கியம் எனக்கு வரவில்லை. தேவையும் படவில்லை. பின்னாலிருந்து யாரோ, "அப்ப ஓட்டுனது யாரு?" என்றார்கள். கூடம் சிரித்தது.

அண்ணனும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. ஒயர் முனையை விரலால் தடவினார்.

"காதுகுத்துல செஞ்சதுதானே? இத்தன வருஷமா மனசுல வெச்சிருந்தியாடா?"

"ஆமாங்கண்ணா."

ஒயர் முனையை என்னிடம் நீட்டினார். "செரி. இப்ப நெஜமா சொருவு. ஒரே ஒரு ஆட்டம்."

பதிய இரண்டு நிமிடம் போதும். அவரோடு நிஜமாக ஓட்டிப் பார்க்க எனக்கும் ஆசைதான். அந்த ஆசைக்கு என் மகளைவிட வயது அதிகம். நான் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

"சோறு ஆறுதுங்கண்ணா. அப்பறம் பாக்கலாம்."

அன்றைக்குக் கறிக்குழம்பு மூன்று தடவை ஊற்றிக்கொண்டேன். "பெரியப்பா பாவம்ப்பா" என்றாள் மகள். அம்மா உயிரோடு இருந்திருந்தால் கூடத்தில் முன்னால் உட்கார வைத்திருப்பேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். இந்தப் பண்டிகைக்கு ஒரு நாள் முன்னதாகவே வருகிறாராம். "அதச் சரி பண்ணி வெச்சியாடா?" என்று கேட்டார்.

பண்ணுகிறேன் என்றேன். இன்னும் பதியவில்லை.