கண் திறந்தால் போதும் என்றுதான் கேட்டேன்

முருகன் அடியார்களுக்கு முருகேஸ்வரி எழுதுவது. என் கதையில் அதிசயம் பாதி, அழுகை பாதி. அதிசயத்தை மட்டும் எழுதினால் போதும் என்று நம் வழிபாட்டு மன்றத்தில் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படி எழுத வராது. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

போன வருடத்துக்கு முந்தைய மார்கழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொடைக்கானலில் நான் குடியிருந்த அறைக்குள் என் அப்பாவும் நானும் சாகக் கிடந்தோம். எங்களைக் கொல்லப் பார்த்தது வேறெதுவும் இல்லை, அப்பா எனக்காகப் பாசத்தோடு சுமந்து வந்த கரி.

எனக்குச் சொந்த ஊர் கமுதிப் பக்கம். அப்பா கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி மூடி, உள்ளே தீ வைத்து, நாள் கணக்கில் காவல் இருந்து கரியாக்கி எடுப்பதுதான் எங்கள் குடும்பத்துப் பிழைப்பு. வெயிலைத் தவிர வேறெதுவும் தாராளமாகக் கிடைக்காத ஊர். எனக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்ததோ கொடைக்கானலில். "ஏசி ரூமுல ஒக்காந்து படிக்கப் போறா நம்ம முருகேசு" என்று தெருவே கேலி செய்து அனுப்பி வைத்தது.

வந்த பிறகுதான் தெரிந்தது, குளிர் என்றால் என்ன என்று. விடுதியில் இடம் இல்லை. நாயுடுபுரத்துச் சரிவில் ராசம்மா அக்கா வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. தகரக் கூரை, ஒரே ஒரு ஜன்னல், அதிலும் ஒரு கண்ணாடி உடைந்தது. மேகத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ கார் எடுத்துக்கொண்டு ஜனங்கள் வருகிறார்கள். எனக்கு அது தானாகவே ஜன்னல் வழியாக வந்து பாயை நனைத்தது. எங்கள் ஊரில் துவைத்த சேலை ஒரு மணி நேரத்தில் அப்பளமாகிவிடும். இங்கே யூனிஃபார்ம் நான்கு நாளானாலும் ஈரம் போகாது. அந்த ஈரத்தோடு மாட்டிக்கொண்டுதான் வகுப்புக்குப் போவேன். விரல்கள் சிவந்து வீங்கி, பேனா பிடிக்க முடியாமல் போனது.

கூடப் படித்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் பேச்சில் பாதி இங்கிலீஷ். டியூட்டர் மேடம் பாடம் நடத்துவதும் அப்படியே. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, அறைக்கு வந்து அழுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முருகன் கோயிலுக்கு வந்து உங்களோடு உட்கார்ந்து பாடுவேன். அந்த ஒரு மணி நேரம்தான் இந்த ஊரில் எனக்குச் சொந்தம்.

ஒருநாள் போனில் அப்பாவிடம், "குளிரு தாங்க முடியலப்பா" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்கிறார், வந்துவிட்டாராம். அரைக்கைச் சட்டை, வேட்டி, தலையில் துண்டு. மலைப் பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது. தோளில் ஒரு சாக்கு. "நம்ம மூட்டத்துக் கரிதான் தாயி. நல்ல கட்டிக்கரியாப் பொறுக்கி எடுத்தாந்தேன்" என்றார். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் சிரித்தார்.

அன்று நான் கோயிலுக்கு வரவில்லை. அப்பாவுக்குச் சோறாக்கிப் போட்டேன். சாப்பிட்டதும் அவர் ஓர் இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு மூட்டினார். வெளியே தூறல், பக்கத்து வீடுகூடத் தெரியாத மூடுபனி. உடைந்த கண்ணாடி வழியாகக் காற்று ஊசியாகக் குத்தியது. கரியைக் கொட்டியெடுத்த வெறுஞ்சாக்கைச் சுருட்டி அப்பா அந்த ஓட்டையில் திணித்தார். கதவிடுக்கில் என் பழைய துணியை வைத்து அடைத்தார்.

"புகையாதாப்பா?" என்று கேட்டேன்.

"வெறகுதான் தாயி கண்ணக் கரிக்கும். கரி சாது. அதுக்கு ஒண்ணும் செய்யத் தெரியாது."

வாழ்நாள் முழுக்கக் கரியோடு புழங்கிய மனிதர் சொல்கிறார். எங்கள் ஊரில் மூட்டம் எரிவது பொட்டல் காட்டில். கரியை மூடிய அறைக்குள் வைத்துக் குளிர்காயும் அவசியம் அங்கே ஒரு குடும்பத்துக்கும் வந்ததில்லை. மலைக்காரர்களுக்குத் தெரிந்த ஆபத்து, கரியிலேயே பிழைக்கும் எங்களுக்குத் தெரியாமல் போனது. அறை கதகதவென்று ஆனது. இந்த ஊருக்கு வந்த பிறகு முதல் முறையாக எனக்குக் குளிரவில்லை. அப்பாவின் காலடியில் படுத்துத் தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது தலை பிளந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் என் சொல்லைக் கேட்கவில்லை. அப்பாவை அழைத்தேன், குரல் வரவில்லை. உருண்டு போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி பார்க்க அந்த மாதம்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் எண்ண முடியவில்லை. கதவு ஐந்தடி தூரத்தில் இருந்தது. அந்த ஐந்தடியை என்னால் கடக்க முடியவில்லை. வாய்க்குள்ளேயே, "முருகா, ஆள அனுப்பு. யாரையாவது அனுப்பு" என்றேன். இதை எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. பிறகு நினைவில்லை.

இனி நடந்தது ராசம்மா அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். எங்கள் சரிவில் குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் முறை இல்லை. நான் அங்கே இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை ஒருநாளும் தண்ணீர் வந்ததில்லை. அன்று வந்தது. ஏன் வந்தது என்று குழாய் திறக்கிறவரிடம் பிற்பாடு கேட்டோம். அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"முருகேசு! தண்ணி வந்திருக்கு புள்ள, வெரசா கொடத்தத் தூக்கிட்டு வா!" என்று அக்கா கத்தியிருக்கிறார். பதில் இல்லை. வாசலில் அப்பாவின் செருப்பு கிடக்கிறது, கதவு உள்ளே பூட்டியிருக்கிறது, ஜன்னலில் சாக்கு அடைத்திருக்கிறது. அக்கா கையில் இருந்த குடத்தாலேயே ஜன்னலை உடைத்தார். அக்கம்பக்கத்து ஆட்கள் கதவைப் பெயர்த்து, எங்கள் இருவரையும் மழையில் இழுத்துப் போட்டார்கள். ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஆக்சிஜன் வைத்ததும் நான் சாயங்காலமே தெளிந்துவிட்டேன். அப்பா தெளியவில்லை. மதுரைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் மலையிறங்கும் வழியெல்லாம் அவர் கையை விடவில்லை நான். கரி படிந்து படிந்து ரேகையே கறுத்துப்போன கை.

அம்மா ஊரிலிருந்து ஓடி வந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நாட்கள் வாரங்களாயின. டாக்டர் தினமும், "ஒண்ணும் சொல்றதுக்கில்லம்மா" என்று மட்டும் சொல்வார். தைப்பூசம் நெருங்கியது. பழனிக்கு நடந்து போகிறவர்களின் அரோகரா சத்தம் ரோட்டிலிருந்து கேட்டது. எங்கள் பக்கத்து ஜனங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். நான் வராந்தாவில் நின்று கும்பிட்டேன். "முருகா, அப்பா கண்ணத் தெறந்தாப் போதும். அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டேன்." வாய்விட்டு, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும்படியே சொன்னேன்.

மறுநாள் காலையில் அப்பா கண்ணைத் திறந்தார்.

அம்மாவைப் பார்த்து, "தண்ணி குடு" என்றார். அம்மா அழுதுகொண்டே கொடுத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினார். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தப் பொண்ணு யாரு?" என்றார்.

இன்றுவரைக்கும் அவருக்கு என்னைத் தெரியாது. அம்மாவைத் தெரியும், ஊரைத் தெரியும், மூட்டத்தைத் தெரியும். மகள் ஒருத்தி இருக்கிறாள் என்பதும் தெரியும். எதிரில் நிற்கும் இந்த முகத்தைத்தான் தெரியவில்லை. கரியின் நஞ்சு மூச்சில் கலந்து, மூளைக்குப் போக வேண்டிய உயிர்க்காற்றைத் தடுத்துவிட்டது என்று டாக்டர் விளக்கினார். திரும்ப வருமா என்று கேட்டேன். "வர்றது கஷ்டம்மா" என்றார்.

படிப்பை விட்டுவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அந்த ஊருக்கும் அந்தக் குளிருக்கும் திரும்பிப் போக எனக்கு மனமில்லை. அம்மா அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்த மனுசன் எதுக்கு மலையேறுனாரு? நீ அங்கன இருந்து படிக்கணும்னுதான? நீ எறங்கி வந்துட்டா அவரு ஏறுனது வீணு." அழாமல் சொன்னாள். நான்தான் அழுதேன்.

திரும்பி வந்தேன். கோயிலுக்கு மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நீங்கள் யாரும் கேட்காமல் இருந்ததற்கு நன்றி. எனக்கு முருகனோடு பெரிய சண்டை. ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் வந்து சன்னிதியில் நின்று கேட்டேவிட்டேன். "உசுரக் குடுத்த, என்னைய மட்டும் ஏன் அவர்கிட்ட இருந்து எடுத்த? இது என்ன கணக்கு?" வெளியே வந்தால், வானம் தெளிந்த நாளில் பழனி மலை தெரியும் இடம் முழுக்க வெள்ளையாக மூடியிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன். அழுது ஓய்ந்தபோது, மதுரை வராந்தாவில் நான் சொன்ன சொல் எனக்கே ஞாபகம் வந்தது. கண் திறந்தால் போதும் என்றது நான். திறந்து கொடுத்தது அவன். சொன்ன சொல்லில் நின்றது அவன்தான். சண்டை அதோடு தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உங்களோடு வந்து உட்கார்ந்தேன்.

இப்போது கடைசி வருடம். இங்கிலீஷ் புரிகிறது. ஈர யூனிஃபார்மை அடுப்பு மேலே கொடி கட்டிக் காயவைக்கும் வித்தையை ராசம்மா அக்காவிடம் கற்றுக்கொண்டேன். குளிர்காலம் பிறந்ததும் புதிதாக வரும் பிள்ளைகளின் அறைகளுக்குப் போய், கரிச்சட்டி உள்ளே இருந்தால் நானே தூக்கி வெளியே வைத்துவிடுவேன். "இந்த அக்கா ரொம்ப அதட்டுது" என்று எனக்குப் பெயர். இருக்கட்டும்.

லீவு கிடைத்தால் ஊருக்குப் போய்விடுவேன். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டு, பி.பி. பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் என்னை நர்ஸம்மா என்றுதான் அழைப்பார். அன்றைக்கு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகப் பேச்செடுத்தார்.

"நர்ஸம்மா, எம் மகளும் இந்தச் சோலிக்குத்தான் படிக்கிறா. கொடைக்கானல்ல."

"அப்படியாங்கய்யா?" என்றேன்.

"கெட்டிக்காரி. அந்தக் குளிருலயும் ஒத்தையில இருந்து படிக்கிறா. நானும் போயிப் பாக்கணும்னு நெனைக்கேன், ஒடம்பு ஏலல." சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "அந்தப் பக்கம் போனா எம் புள்ளையப் பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க. அப்பன் நல்லாருக்கான், கவலப்படாமப் படின்னு."

"சொல்லிர்றேங்கய்யா" என்றேன்.

அன்பர்களே, உங்களில் யாருக்காவது இன்று மூச்சு முட்டிக்கொண்டிருந்தால், குரல் வராவிட்டாலும் வாய்க்குள்ளேயே கூப்பிடுங்கள். அவனுக்குக் கேட்கும். கேட்டதைக் கொடுப்பான், கேட்காத ஒன்றை எடுத்தும் கொள்ளலாம். எடுத்துக்கொண்டால் என்னைப் போலச் சண்டை போடுங்கள், ஆனால் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். என் அப்பா நல்லா இருக்கிறார். கவலைப்படாமல் படிக்கச் சொல்லியிருக்கிறார். நான் படிக்கிறேன்.