பின்னுக்கு ஓடும் ஆறு

காலை வேளைகளில் மச்சாளின் கைத்தொலைபேசி எப்போதும் சமையலறை ஜன்னலோரம்தான் இருக்கும், ஸ்பீக்கர் போட்டபடி. அதிலிருந்து அவர் கணவரான என் அண்ணையின் குரல் வரும். லண்டனின் பழைய நகரப் பகுதியில், ஆற்றோரத்து அலுவலகக் கட்டடம் ஒன்றில் அவர் செக்யூரிட்டி வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்ததும் எல்லோரையும் போல பஸ் ஏறி ஸ்ட்ரெதம் வீட்டுக்கு வந்துவிட மாட்டார். அந்தத் தெருக்களில் ஒரு சுற்றுச் சுற்றுவார், சுற்றியபடியே வீட்டுக்குப் போன் எடுப்பார். "இஞ்ச ஒரு கோயில், கூரையே இல்லை. உள்ளுக்க முழுக்கக் கொடி," என்பார். "ஆத்து மதிலுக்குள்ளால அத்திமரம் முளைச்சிருக்கு, கேக்குதே?" என்பார். மச்சாள் ரொட்டிக்கு மாக் குழைத்தபடி "ம்ம், ம்ம்" என்பார். அவ்வளவுதான் அண்ணைக்குக் கிடைக்கும் மரியாதை.

அதற்குக் காரணம் இருந்தது. அண்ணை பெரிய புளுகர். சின்ன வயதில் அவர் பிடித்த மீன்கள் வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு மடங்கு வளர்ந்துவிடும். லண்டன் வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, அண்ணையைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். அவர் சொன்னவற்றில் அதிகம் சிரிக்க வைத்தது ஆற்றுக் கதை. "இஞ்ச ஆறு பின்னுக்கு ஓடுது. கடலுக்குப் போன தண்ணி திரும்பி ஊருக்குள்ள வருது. ரெண்டு மாடி உயரத்துக்கு ஏறுது!"

சிரித்தவர்களில் மச்சாளின் குரல்தான் உரத்துக் கேட்கும். அவர் மன்னார்க் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் கடலில் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும் முழங்காலளவு. அதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு ஓர் ஆறு இரண்டு மாடி ஏறும் என்றால் வேறு எப்படி இருக்கும்? "காலம் முழுக்கக் கடலுக்குப் போனவரின்ர மகள் நான். எனக்கே கதை விடுறார்," என்பார். அண்ணைக்குக் கோபமே வராது. "ஒருநாள் வந்து பாருமன்," என்பார். பள்ளிக்கூடச் சமையலறை வேலை, பிள்ளைகள், முழங்கால் வலி என்று அந்த ஒருநாள் வரவே இல்லை. போன மாரிக் குளிரில் அண்ணையின் இதயம் நின்றுவிட்டது.

ஆண்டுப் பூசை நெருங்கியது. பூசைக்குப் பிறகு மண்டபத்தில் எல்லோருக்கும் சாப்பாடு கொடுப்பது எங்கள் வழக்கம். இறந்தவரைப் பற்றிக் கதைகள் சொல்லுவார்கள், சிரிப்பார்கள், கொஞ்சம் அழுவார்கள். அதை நினைத்துத்தான் மச்சாள் என்னை நான் இருக்கும் குட்மேய்ஸிலிருந்து வரச் சொன்னார்.

"அவர் சொன்ன இடமெல்லாம் நான் நடந்து பாக்கவேணும்," என்றார். "கைடு ஒருத்தரும் வேண்டாம். நீரும் நானும் போதும். பூசையண்டைக்கு எல்லாரும் அவரின்ர புளுகுகளச் சொல்லிச் சிரிப்பினம். நானும் சேந்து சிரிக்கிறதோ, இல்லையோ எண்டு எனக்குத் தெரியவேணும்."

பொய்யென்றால் முன்போலச் சிரிக்கலாம். மெய்யென்றால், இத்தனை வருடமும் உண்மையைச் சொன்ன மனிதரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அது அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

நான் நகராட்சிக் கவுன்சிலில் வேலை செய்கிறவள். எதையும் திட்டம் போட்டுச் செய்யாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் அண்ணை ஒரு தெருவின் பெயரையும் சொன்னதில்லை. எங்களிடம் இருந்தவை மரங்களும் பறவைகளும்தான். தோலுரிக்கும் பெரிய மரங்கள், வல்லூறு வந்து குந்தும் கோபுரம், கூரையில்லாத கோயில், அத்தி, ஆறு. லண்டன் வரைபடத்தில் இப்படியா தேடுவது? அலுவலகம் இருந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டு நான் தலையைச் சொறிந்தேன்.

மச்சாள் கண்ணை மூடிக்கொண்டார். "கோயிலைப் பற்றிச் சொல்லேக்க அவருக்கு மூச்சு வாங்கினது. அப்ப அது மேட்டிலதான் கிடக்கும்," என்றார். "பிறகு வாகனச் சத்தம் குறைஞ்சிடும். சின்னத் தெரு, உள்ளொழுங்கைக்க திரும்பியிருப்பார். அத்திமரத்தைச் சொல்லேக்க காத்து இரையும். அது வெட்டவெளியான இடம்."

"ம்ம்" மட்டும் சொன்ன மனுசி, ஒரு மூச்சைக்கூடத் தவறவிடாமல் கேட்டிருக்கிறார். நாங்கள் அந்த மூச்சையும் இரைச்சலையும் வைத்தே பாதை போட்டோம். எங்கே உட்கார வாங்குப் பலகை உண்டு, எங்கே கழிப்பறை உண்டு, எந்த பஸ் என்பதையெல்லாம் நான் பார்த்து வைத்தேன். ஆற்றில் தண்ணீர் ஏறும் நேரம், வற்றும் நேரம் பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. எங்கள் கடற்கரையில் யார் அதைப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்து வெளிக்கிடுவது?

ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தோம். முதலில் அந்த மரங்கள் வந்தன. பட்டை தட்டுத் தட்டாக உரிந்து, உள்ளே மஞ்சளும் பச்சையுமாக வழவழவென்று இருந்தது. கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே அவ்வளவு உயரமான மரங்கள் இத்தனை காலமும் நின்றிருக்கின்றன, நான் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. வல்லூறு கண்ணில் படவில்லை. மேட்டில் ஏறி, ஒழுங்கைக்குள் திரும்பினோம். கோயில் இருந்தது. கூரை இல்லை. கண்ணாடி போன ஜன்னல்களுக்குள்ளால் கொடி நுழைந்து மறுபக்கம் இறங்கியிருந்தது. பீடம் இருந்திருக்கவேண்டிய இடத்தில் புல். மச்சாள் சிலுவை போட்டுக்கொண்டு நெடுநேரம் அண்ணாந்து நின்றார். ஆற்றங்கரைக்கு வந்தால் அத்தியும் இருந்தது, கல் மதிலைப் பிளந்துகொண்டு. ஒவ்வொன்றும் மெய்யாக ஆக, மச்சாளின் பேச்சு குறைந்துகொண்டே போனது.

கடைசியாக ஆறு. மதிலில் இருந்த கற்படிகளால் கீழே இறங்கினோம். கூழாங்கற்கள் நிறைந்த அகலமான கரை. ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பா கடல் பக்கமாக மெல்ல மிதந்து போனது.

"பாத்தீரே? ஒழுங்காக் கடலுக்குத்தான் போகுது," என்றார் மச்சாள். வென்றவரின் குரல்தான். ஆனால் முகம் வாடிவிட்டது. இதுவும் மெய்யாக இருக்கவேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கல்லொன்றில் உட்கார்ந்து கட்லட் பார்சலைப் பிரித்தோம். ஆறு அசையாமல் நிற்பது போலத் தெரிந்தது. சற்றுப் பொறுத்து என் சப்பாத்து நனைந்தது. படகு கிளப்பிய அலை என்று நினைத்துக் காலை இழுத்தேன். மறுபடியும் நனைந்தது. அப்போது மச்சாள் என் கையைப் பிடித்தார். அந்த நீலப் பீப்பா திரும்பி வந்துகொண்டிருந்தது. பாலத்துக்கு அடியால், கடலை விட்டு, ஊரை நோக்கி.

பீப்பா மட்டுமல்ல. பலகைகள், நுரை, பலகையில் நின்ற கடற்பறவை, அந்த முழு அகல ஆறும் சத்தம் போடாமல் பின்னுக்கு ஓடியது. பார்சலை அள்ளிக்கொண்டு படியேறினோம். மேலே நின்று பார்க்கப் பார்க்க, நாங்கள் இருந்த கல் போனது, கரை போனது, படிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போயின. இவ்வளவு பெரிய நகரத்துக்கு நடுவே கடல் தினமும் வந்து போகிறது, நானோ இந்த ஊரில் பஸ் நேரத்தைத் தவிர வேறொன்றையும் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். மத்தியானம் தாண்டும்வரை நாங்கள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"மெய்தான் சொன்னவர்," என்றார் மச்சாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. "எவ்வளவு சிரிச்சன் நான்."

ஆண்டுப் பூசையன்று மண்டபம் நிறைந்திருந்தது. நினைத்தது போலவே சாப்பாட்டுக்கு நடுவில் யாரோ ஆற்றுக் கதையை எடுத்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். மச்சாள் சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நான் போய்ப் பாத்தனான்," என்றார். "மூண்டு மாடி உயரத்துக்கு ஏறினது. எங்கள ரெண்டு பேரையும் படி முழுக்கத் துரத்திக்கொண்டு வந்தது!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. அண்ணையின் மீன்களைப் போல, ஆறும் வீடு வந்து சேர்வதற்குள் ஒரு மாடி வளர்ந்திருந்தது. "ஐயோ, மனுசன் போயும் புளுகு போகேல்லை," என்றார் ஓர் அக்கா, கண்ணைத் துடைத்தபடி. பிறகு என் பக்கம் திரும்பினார். நான் கவுன்சில்காரி, கூட்டிக் குறைத்துப் பேசாதவள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். "நீர் சொல்லும் பிள்ளை. மூண்டு மாடியோ?"

மச்சாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூண்டுக்கும் மேல," என்றேன்.