ரோபோவுக்குக் குத்திய கறுப்பு பேட்ஜ்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோபோ செய்து போட்டிக்குக் கொண்டுபோகிற இடத்தில் அறிவியல்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகளுடன் முதல் தடவை போனபோதுதான் தெரிந்தது, அங்கே பாதி கல்யாண வீடு, பாதி தேர்தல் பிரசாரம் என்று. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு ஸ்டால். அதன் முன்னால் பிள்ளைகள் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் எதையாவது திணிக்கிறார்கள். ஸ்டிக்கர், பேட்ஜ், கீ செயின், மிட்டாய். தலையில் பூனைக் காது, வெள்ளி நிற விக், முகத்தில் பெயின்ட். ஒரு பையன் கோழி வேஷம் போட்டு நாள் முழுக்க வியர்த்துக்கொண்டு நின்றான். அவனிடம் யாரும் ரோபோவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. செல்பி மட்டும் எடுத்தார்கள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் உண்டு. முதல் கட்ட ஆட்டங்கள் முடிந்ததும் முன்னணியில் இருக்கிற டீம்கள் மேடையேறும். இறுதிச் சுற்றில் தங்களோடு சேர்ந்து ஆட மற்ற டீம்களிலிருந்து கூட்டாளிகளைத் தேர்ந்தெடுத்து, மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட வேண்டுமென்றால் பெயர் நினைவிருக்க வேண்டுமே. அதற்குத்தான் ஸ்டிக்கரும் கோழியும்.

அந்த முதல் வருஷம் எங்கள் பிள்ளைகளிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அவர்களை ஒருவரும் கூப்பிடவும் இல்லை. ரோபோவின் கையைச் செய்தது என் மகள். ரப்பர் வளையங்களைப் பிடித்துத் தூக்கிக் கம்பத்தில் மாட்டுகிற கை. எங்கள் காரை மழையில் வெளியே துரத்திவிட்டு, ஷெட்டுக்குள் உட்கார்ந்து மாதக்கணக்கில் செய்தாள். கடைசிப் பெயரையும் வாசித்து முடித்த பிறகு அவள் மேடையையே பார்த்துக்கொண்டு நின்றாள், இன்னும் ஒரு பெயர் பாக்கி இருக்கிற மாதிரி. எனக்கு வயிறு எரிந்தது. மேடையில் இருந்தவர்கள் எல்லாம் பிள்ளைகள், அதனால் திட்டாமல் விட்டேன்.

அடுத்த வருஷம் பெற்றோர்கள் கூடினோம். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ரோபோ பற்றிக் கருத்து இருக்காது, வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதில் எல்லாருக்கும் கருத்து உண்டு. ஒரு அம்மா, சபையில் மிஞ்சிய பைபிள் வசன அட்டைகள் வீட்டில் நிறைய இருப்பதாகச் சொன்னார். குன்னத்துகாலில் கடை வைத்திருக்கும் ஒரு அப்பா ஏத்தங்காய் சிப்ஸ்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார். அந்த எண்ணெய்க் கையோடு பிள்ளைகள் வயர் பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார். கல்யாணப் பந்தலில் கொடுப்பதுபோல ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுக்கலாம் என்றேன். மகள் என்னைப் பார்த்த பார்வையில் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் பிள்ளைகளே முடிவு செய்தார்கள். கறுப்பு சட்டை, கறுப்பு தொப்பி, ரோபோ படம் போட்ட கறுப்பு பேட்ஜ். ஏன் எல்லாம் கறுப்பு என்று கேட்டேன்.

“கறுப்பாக்கும் அம்மா இப்பம் மாஸ்,” என்றாள் மகள்.

பேட்ஜ் அடிக்கிற வேலையை என் கணவர் ஏற்றுக்கொண்டார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாறசாலையிலிருந்து செங்கல் வரை எந்த வீட்டில் துட்டி விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர் அவர். நாற்காலி இறக்குவார், கட்டன் சாயா போடுவார், குழி வெட்ட ஆள் பிடிப்பார், இறந்தவரின் படம் போட்ட கறுப்பு பேட்ஜுக்கு பிரஸ்ஸில் சொல்லி வைப்பார். நல்ல மனுஷன்தான். எங்கள் கல்யாண நாளன்று இரண்டு முறை துட்டி வீட்டில் இருந்திருக்கிறார் என்பதையும் நல்ல மனதோடு மன்னித்திருக்கிறேன்.

அவர் வழக்கமான பிரஸ்காரரைப் போனில் கூப்பிட்டார். கறுப்பு பேட்ஜ், நடுவில் படம், கீழே பெயரும் ஸ்கூலும், பின் வைத்தது, நாளைக் காலையில் வேண்டும் என்றார். பிரஸ்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கேட்பது மரியாதை இல்லையே. வாட்ஸ்அப்பில் போன ரோபோ படத்தைப் பார்த்தும் அவர் அசரவில்லை. முன்பு ஒரு பஸ் டிரைவருக்கு பஸ் படம் வைத்து அடித்துக் கொடுத்திருக்கிறாராம். இது யாரோ இன்ஜினியர் என்று நினைத்துவிட்டார்.

மறுநாள் காலை கணவர் பிரஸ்ஸிலிருந்து பொட்டலத்தோடு நேராக பாறசாலை ஸ்டேஷனுக்கு வந்தார். நான் டிக்கெட் எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வருவதற்குள் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றை நெஞ்சில் குத்திவிட்டார்கள். தூக்கம் கலையாத முகங்கள், கறுப்பு சட்டைகள், வரிசையாக கறுப்பு பேட்ஜுகள். பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து என் மகளை உட்காரச் சொன்னார். பிறகு என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“எப்பளாக்கும் எடுக்கது?”

அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்கிறார். என் கணவர் பழக்க தோஷத்தில் மணி சொல்ல வாயெடுத்தார். நான் பேட்ஜைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நடுவில் ரோபோ. மூலையில் வெள்ளை ரோஜாக்கள். செத்தவர் இந்துவா கிறிஸ்தவரா, விளக்கு வைப்பதா சிலுவை வைப்பதா என்று தெரியாமல், இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டுமென்று பிரஸ்காரர் ரோஜா வைத்தாராம். போட்டிப் பருவத்தைக் குறிக்கப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த இரண்டு வருஷங்கள் படத்துக்குக் கீழே, நடுவில் ஒரு சின்னக் கோட்டுடன் நின்றன. ரோபோ பாவம், சின்ன வயதிலேயே போய்விட்டது.

“எனக்க வாயில இப்பம் நல்லது ஒண்ணும் வராது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்று கணவரிடம் சொன்னேன். அவர் தள்ளி நின்று பிரஸ்காரருக்குப் போன் போட்டார். படத்தில் முகம் தெளிவாக இல்லாததால் கொஞ்சம் வெளிச்சம் கூட்டியிருப்பதாக பிரஸ்காரர் சொன்னாராம்.

ரயிலில் மகள் பேட்ஜைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெய்யாற்றின்கரை தாண்டிய பிறகு, பொட்டலத்தை இனித் திறக்கவே கூடாது என்றாள். செத்த ரோபோவை யாராவது கூட்டாளியாக எடுப்பார்களா என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். சட்டையில் குத்தியதைக் கழற்றவும் முடியவில்லை. எங்கள் ஸ்டால் எது என்று வேறு எதை வைத்து அடையாளம் காட்டுவது?

போட்டி மண்டபத்தில் பிள்ளைகள் ரோபோவைத் திறந்து வைத்துக்கொண்டு மும்முரமானார்கள். நான் தண்ணீர் பிடிக்கப் போனேன். வரிசை நீளம். திரும்பி வரும்போது வழியில் கண்ட ஒரு பூனைக் காதுக்காரியின் நெஞ்சில் எங்கள் பேட்ஜ். அடுத்து வெள்ளி விக். அடுத்து கோழி. ஓடிப் போய்ப் பார்த்தால், கொடுக்கத்தானே அடித்தது என்று என் கணவர் ஸ்டாலின் வாசலில் கை கூப்பி நிற்கிறார். வருகிறவர்களுக்கு பேட்ஜ் குத்திவிடுகிறார். பிள்ளைகளுக்காக நான் பிளாஸ்கில் கொண்டுவந்த கட்டன் சாயாவை ஊற்றிக் கொடுக்கிறார். வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரோபோவைத் தலை குனிந்து பார்த்துவிட்டு, ஓரமாகப் போய் நிற்கிறார்கள். மண்டபத்திலேயே கூட்டம் அதிகமான ஸ்டால் எங்களுடையதுதான். சத்தமே இல்லாத ஸ்டாலும் எங்களுடையதுதான்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஆட்டத்துக்கு ரோபோவைக் களத்தில் இறக்கி வைத்தபோது, மைக் பிடித்திருந்தவர் சுற்றிலும் பார்த்தார். பாதி மண்டபம் கறுப்பு பேட்ஜ் குத்தியிருக்கிறது. யாரென்று கேட்டால் தப்பாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, நம்மை விட்டுப் பிரிந்தவருக்காக எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம் என்று அறிவித்துவிட்டார். எல்லாரும் எழுந்தார்கள். கோழிகூடத் தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டது. அந்த அமைதியில் எங்கள் ரோபோ மட்டும் ‘ர்ர்ர்’ என்று மெல்லக் கையைத் தூக்கியது. ஆட்டத்துக்கு முன் தானாக ஒரு தடவை கையைத் தூக்கிப் பார்க்கும்படி மகள் செய்து வைத்திருந்தாள். முழுதாகத் தூக்கி, விரல்களை விரித்து, மூடி, இறக்கியது. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் கூரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு கைதட்டல்.

கூட்டாளிகளைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தது. மகள் என் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. முடியப் போகிற நேரத்தில், வடக்கேயிருந்து வந்த ஒரு பள்ளியின் கேப்டன் பெண் மைக்கை வாங்கி எங்கள் டீமின் பெயரைச் சொன்னாள். பிள்ளைகள் கத்தினார்கள். என் கணவர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பேட்ஜ் வேலை செய்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். என்னால் மறுக்க முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

இறுதிச் சுற்றில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுப்போனார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைக்கிற அளவுக்கு அது முக்கியமில்லை.

பெயர் கூப்பிட்டதும் மற்ற பிள்ளைகள் குதிக்க, மகள் மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றாள். எனக்கு உடனே புரிந்தது. ஆட்டம் பார்த்து எடுத்தார்களா, அனுதாபப்பட்டு எடுத்தார்களா? அவள் நேராக அந்தக் கேப்டனிடம் போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை, நானும் பின்னால் போனேன். பேட்ஜைப் பார்த்துத்தான் எங்களை எடுத்தீர்களா என்று மலையாளத்தில் கேட்டாள்.

எந்த பேட்ஜ் என்று அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள்.

“ஏது பேட்ஜ்?”

காலையிலிருந்து அவள் கேலரியின் மேல் வரிசையை விட்டு இறங்கவே இல்லையாம். எந்த ஸ்டாலுக்கும் போகவில்லை. மௌனம் அனுசரித்தபோதுகூட எதற்கென்று தெரியாமல்தான் எழுந்து நின்றாளாம். ஆட்டங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். உங்கள் ரோபோ மெதுவாகத்தான் போகிறது, ஆனால் அந்தக் கை பிடித்த ஒரு வளையத்தைக்கூடக் கீழே போடவில்லை, அப்படி ஒரு கை எங்களுக்கு வேண்டும் என்றாள். சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மகள் என்னிடம் திரும்பினாள். “அம்மா, அவளுக்கு பேட்ஜே தெரியாது. கையைப் பாத்துதாக்கும் எடுத்திருக்கா. நான் செய்த கைய.”

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அவளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். நெஞ்சு நிறைந்து போயிருந்தது. ஓடிவந்த என் கணவர் விஷயம் கேட்டு, கர்ச்சீப்பை எடுத்தார். அவள் கறுப்பு சட்டையும் எங்கள் நெஞ்சில் கறுப்பு பேட்ஜுமாக மூன்று பேரும் மண்டபத்தின் நட்டநடுவில் நின்று தேம்பினோம்.

யாரோ ஒரு பிள்ளையின் அப்பா எங்களைத் தாண்டிப் போனவர், திரும்பி வந்தார். அவர் நெஞ்சிலும் எங்கள் பேட்ஜ் இருந்தது. என் கணவரின் தோளைத் தட்டினார். என்னைப் பார்த்து, எல்லாம் தெய்வத்தின் கையில், தைரியமாக இருங்கள் என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் ஆறுதல் வாங்கியதில்லை.