காலை நீட்டிப் பாடியவள்

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் சுற்ற வருபவர்கள் இயர்போனில் கேட்கும் விளக்கத்தைப் பேசிப் பதிவு செய்வது என் வேலை. அதே மலையில் கொட்டச்சேடு என்ற ஊரில் பிறந்த நான், அதில் மட்டும் பட்டணத்துக்காரி போலப் பேசுவேன். தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கும் செல்வி பேசித் தந்த பகுதியைக்கூட, பேச்சு நன்றாக இல்லை என்று அழித்துவிட்டு நானே பேசிச் சேர்த்தேன். அவளிடம் சொல்லவும் இல்லை.

ஒருநாள் மஞ்சக்குட்டை ஊருக்குப் போகும் ஜீப்பில் செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் போனில் எனக்குப் பிடித்த பாடகியின் புதுப் பாட்டு ஓடியது. ஆங்கிலத்தில் பாடி உலகமெங்கும் பேர் வாங்கியவள், மறுபடி தன் தாய்மொழியான ஸ்பானிஷுக்கே திரும்பிப் பாடியிருந்தாள். அதையும், அவளுடைய பழைய ஆங்கிலப் பாட்டு ஒன்றையும் செல்விக்கு இயர்போனில் போட்டுக் காட்டினேன்.

“ரெண்டும் புரியலீங்க. ஆனா பழசுல அடுத்தவங்க ஊட்டுல உக்காந்தாப்புல பாடறா. புதுசுல தன்னூட்டுல காலை நீட்டிட்டுப் பாடறா. இதுதானுங்க நொம்ப நல்லாருக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. அவள் பேசியதை அழித்த உண்மையை அங்கேயே சொல்லிவிட்டேன். செல்வி இயர்போனைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

“அப்ப நான் பேசுனத ஒருத்தருமே கேக்கலீங்களா?”

மறுநாள் அவளை மறுபடி பேசவைத்துப் பதிவு செய்தேன். என் பகுதியையும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசினேன். அதைக் கேட்ட தோட்ட மேனேஜர், “இது சரிவராதும்மா, மாத்திடு” என்றார்.

“மாத்த மாட்டனுங்க. வேண்டாம்னா வேற ஆளப் பாத்துக்கங்க.”

ஆள் தேடுகிறாராம். தேடட்டும். நான் காலை நீட்டியாயிற்று. இனி மடக்குவதாக இல்லை.