வக்கீல் சாறின் கேஸ் கட்டு பூஜைக்குப் போனது

இதை எழுத நினைத்துப் பல வருஷமாகத் தள்ளிப்போட்டேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுதி யார் படிக்கப்போகிறார்கள் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உள்ளே இருந்த காரணம் வெட்கம்.

இந்த வருஷ சரஸ்வதி பூஜைக்குக் கொல்லயில் ஊர்க் கோயிலில் ஒரு வக்கீல் பெண் தன் லேப்டாப்பைப் பட்டில் பொதிந்து தேவியின் முன் வைத்தாள். சந்தனமும் அவலும் சர்க்கரையும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். பக்தியால் அல்ல, பழைய பயத்தால்.

அந்தப் பயம் வந்த காலத்தில் நான் வக்கீல் சாறிடம் குமஸ்தன். மலையாள எல்லையோரமான எங்கள் பக்கத்தில் சர்க்காரை எதிர்த்துக் கோர்ட்டில் நின்ற முதல் பெண் அவர். பெண் வக்கீலை எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியாததால் எல்லோருக்கும் அவர் 'சார்'தான்; எங்கள் வாயில் அது 'சாறு' ஆகும். பென்ஷன் வராதவர், ரேஷன் கார்டு கிடைக்காதவர் எல்லாம் பாறசாலையிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். முதலில் என்னிடம், "ஆம்பள வக்கீலு யாரும் இல்லியா?" என்பார்கள். கேஸ் ஜெயித்ததும் வாழைக்குலையோடு வருவார்கள்.

அமரவிளை தாண்டி ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்த தங்கம்மைக்கு, கடையை இடிக்கப் பஞ்சாயத்து நோட்டீஸ் கொடுத்திருந்தது. அவள் அடுப்பு எரிவது அந்தக் கடையால்தான். வாய்தா நாளில் தடை கிடைக்காவிட்டால் அன்று சாயந்தரமே இடிப்பார்கள்.

தேவி அனுக்கிரகம் இருக்கட்டும் என்று அந்தக் கேஸ் கட்டை நான் கோயிலில் சரஸ்வதி பூஜைக்கு வைத்தேன். சாறிடம் கேட்கவில்லை. வைத்ததை விஜயதசமி காலைவரை தொடக்கூடாது, வாசிக்கவும் கூடாது. அந்த வருஷம் திதி நீண்டதால் பூஜைவைப்பு ஒரு நாள் முந்திவிட்டது. மறுநாள் லீவு என்று நம்பினேன். கோர்ட்டுக்கு லீவு இல்லை. வாய்தாவும் அன்றுதான்.

விடிந்ததும் கோயிலுக்கு ஓடினேன். பூஜை செய்யும் போற்றி சாவியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டார்.

"வெச்சத எடுத்தா தோஷமாக்கும். தசமிக்கு வா."

கட்டு எங்கே என்று தங்கம்மை கோர்ட்டு வாசலிலேயே என்னைப் பிடித்தாள். சொன்னேன். "எலே, எனக்க கடையத் தூக்கி சரஸ்வதிக்குக் காணிக்கை போட்டுட்டியோ?"

பூட்டை உடைக்கட்டுமா என்று சாறிடம் அழுதேன்.

"வேண்டாம் மக்கா. கேசு எனக்க மனசுல உண்டு. நீ மூக்கத் தொடச்சுக்க."

உள்ளே போய், கட்டு கையில் இல்லை, தவறு தன்னுடையது என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பிறகு சர்வே நம்பர் முதல் ஒன்று விடாமல் மலையாளத்தில் மனப்பாடமாகச் சொன்னார். நோட்டீஸில் இடிப்பதற்குக் காரணமே எழுதவில்லை என்றார். காகிதம் எங்கே என்று எதிர்வக்கீல் குதித்தார். இடிக்கப் போகிறவர்களிடம் நகல் இருக்குமே, காட்டட்டும் என்றார் சாறு.

பஞ்சாயத்து கிளார்க் எழுந்து தலையைச் சொறிந்தார். அவரும் பக்திமான். அவருடைய கட்டும் அதே கோயிலில், என் கட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஜட்ஜ் கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டார். காகிதம் வரும்வரை கடையைத் தொடக்கூடாது என்று உத்தரவாயிற்று. தசமிக்குப் பிறகு பிரித்துப் பார்த்தால், நோட்டீஸில் காரணம் எழுதியிருக்கவில்லைதான். கடை நின்றது.

பின்னாளில் சாறு சர்க்கார் வக்கீலாகவே ஆகி, எதிராளிகளைவிட அதிகாரிகளைத்தான் கூடுதல் திட்டினார். தங்கம்மையின் காலத்துக்குப் பிறகு, அகலப்படுத்திய ரோடு கடையை எடுத்துக்கொண்டது. போன வருஷம் சாறும் பகவான் பாதம் சேர்ந்துவிட்டார்.

இப்போது ஊரில் வேறு கதை நடக்கிறது. தேவியே வெள்ளைச் சேலையில் வந்து வாதாடினாள் என்கிறார்கள் சிலர். அதில் எனக்கு வருத்தமில்லை. சாறுதான் தந்திரமாகக் கட்டை ஒளித்து வைத்தார் என்கிறார்கள் வேறு சிலர். அது பொய். அவர் கடைசிவரை என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் அந்தப் பொய் வளர்ந்தது. யாரிடமாவது இதைச் சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். கட்டை வைத்தவன் நான். வைக்கும்போது சாறுக்குத் தெரியாது.