கோரைமேல் பதினோரு நடை

முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் நீங்களே கண்டுபிடிக்கப்போகிறீர்கள். மலையேறுவதற்கென்றே செய்த சைக்கிளை வாங்கி, மலை இல்லாத ஊராகத் தேடிப்போய் ஓட்டியவன் நான். வீட்டுப் பக்கம் மலையே இல்லையென்றாலாவது ஒரு நியாயம் உண்டு. எங்கள் வீடு இருப்பது அஸ்தம்பட்டியில், ஏற்காடு போகும் சாலையை ஒட்டி. மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் மலை கண்ணெதிரே நிற்கும்.

வாங்கிய மறுநாள் ஏற்காட்டுக்குத்தான் கிளம்பினேன். முதல் கொண்டை ஊசி வளைவு வருவதற்குள்ளேயே இறங்கித் தள்ள வேண்டியதாகிவிட்டது. தலையில் விறகுக்கட்டோடு நடந்துவந்த ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போனார். நாலு எட்டு போய்த் திரும்பிப் பார்த்து, "பஞ்சருங்களா?" என்றார். "ஆமாங்க" என்றேன். அதோடு எனக்கும் மலைக்குமான உறவு முடிந்தது.

சர்க்கரைக்கு டாக்டர் சொன்ன உடற்பயிற்சி. விட்டுவிடவும் முடியாது. அப்போது கைகொடுத்தவர் என் சகலை, என் மனைவியின் தங்கை கணவர். பரமத்திவேலூரில் வெற்றிலை வியாபாரம். "எங்கூருப் பக்கம் வாங்க சகலை. ஜேடர்பாளையத்துல இருந்து மோகனூரு வரைக்கும் வாய்க்கா ஓரமா ஒரே மட்டமுங்க. ஒருக்கா மிதிச்சு உட்டாப் போதும், சைக்கிளு தானாப் போயிரும்" என்றார்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. முன்சக்கரத்தைக் கழற்றி, சைக்கிளைக் காருக்குள் திணித்துக்கொண்டு ஜேடர்பாளையம் அணைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது விடிந்திருந்தது. சகலை தன் மொபெட்டோடு அங்கே காத்திருந்தார், ஒரு பிளாஸ்க் டீயுடன். என் கால்சட்டையைச் சுற்றி வந்து பார்த்தார். சீட்டு உறுத்தாமல் இருக்க உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது அது.

"பின்னாடி என்னங்க சகலை, தலகாணியா?"

"இது இதுக்குன்னே தைக்கறதுங்க."

"ஏனுங்க, அதையச் சீட்டு மேல வெச்சுத் தெச்சிருந்தா ஆவாதுங்களா?"

சைக்கிளில் ஏறிக் கிளம்பிவிட்டேன்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. காவிரியிலிருந்து பிரியும் அந்த ராஜவாய்க்கால் பல நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு குறுநில மன்னர் வெட்டியது என்பார்கள். தண்ணீர் சத்தமே இல்லாமல் கூடவே வருகிறது. சில இடங்களில் வாய்க்கால் மேலேயும் வயல் கீழேயுமாக இருக்கும். நம் தலைக்கு மேலே தண்ணீர் ஓடுகிற பாதையில் வெற்றிலைக் கொடிக்காலையும் வாழையையும் கரும்பையும் தாண்டிப் போகலாம். இருபத்தொரு கியரில் ஒன்றைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. மாற்றினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியாது. ஆனாலும் எதிரே ஆள் வந்தால் மட்டும் 'டக் டக்' என்று தட்டிக்கொள்வேன், வேலை நடக்கிற மாதிரி.

பரமத்திவேலூரைத் தாண்டியதும் சகலை, "நா முன்னால போயி மோகனூருல டிபன் சொல்லி வெக்கறனுங்க. நீங்க மெதுவா வாங்க" என்று போய்விட்டார். நான் தனியானேன். என் வாழ்க்கையில் நடந்த கெட்டவை எல்லாமே என்னை யாரும் பார்த்துக்கொள்ளாத நேரத்தில் நடந்தவைதான்.

ஓரிடத்தில் வாய்க்காலோரத் தார்ப்பாதையின் பாதி அகலத்துக்கு, நீளநீளமான பயிர்த்தாளை விசிறி மாதிரி வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். பச்சை போய் வெளுக்கத் தொடங்கியிருந்தது. சுற்றிலும் ஆள் இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் ராசிபுரம் பக்கத்து மேட்டுக்காட்டுக்காரன். எங்கள் பக்கம் கொள்ளுச் செடியையும் ராகிக் கதிரையும் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி, கதிரடிக்கும் வேலையை அவர்களுக்காகச் செய்துகொடுத்துவிட்டுப் போகும். ஒதுங்கிப் போகிற டிரைவரைத்தான் திட்டுவார்கள். "ஏறிப் போனா என்ன, தேஞ்சா போயிருவே?" என்று.

ஆக, எனக்குள் இருந்த மேட்டுக்காட்டான் விழித்துக்கொண்டான். ஐயோ பாவம், வண்டி வராத பாதையில் போட்டுவைத்திருக்கிறார்களே, எப்போது தவசம் உதிர்வது? போதாக்குறைக்கு வரிசையின் இரண்டு பக்கமும் யாரோ பெரிய பெரிய கல்லாக வைத்திருந்தார்கள். குறும்புக்காரர்கள் வேலை என்று நினைத்தேன். இறங்கி, ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப்போய் ஓரமாக அடுக்கினேன். அழகாக, பெரியது கீழே சின்னது மேலே என்று. பிறகு செல்போனை ஒரு தென்னைமரத்தடியில் சாய்த்து வைத்து வீடியோவைப் போட்டுவிட்டு, பரப்பியதன்மேல் ஓட்டினேன். முள்ளுமுள்ளான டயர், நொறுநொறுவென்று இனிய சத்தம். போய்த் திரும்பி, போய்த் திரும்பி, பத்து நடை. நல்ல காரியத்தை ஒற்றைப்படையில் முடிக்க வேண்டுமென்று இன்னொன்று. ஒரு மணி தவசம்கூடக் கண்ணில் படவில்லை என்பதைக் கவனித்தேன். அடியில் கிடக்கும் என்று முடிவு செய்தேன்.

மோகனூரில் டிபன் சாப்பிட்டோம். அடுத்து நாமக்கல் கோட்டை. சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு, பாறையில் வெட்டிய படிகளில் ஏறினோம். மேலே நல்ல காற்று. சுண்ணாம்பு பூசாமலே கல்லோடு கல் பொருந்தி நிற்கிற மதில். எதிரி வந்தால் மறைந்திருந்து சுடுவதற்கு வரிசையாகத் துளைகள். தெற்கே காவிரிப் பக்கம் முழுக்கப் பச்சை. அந்தச் சந்தோஷத்தில்தான் சகலையிடம் வீடியோவைக் காட்டினேன்.

பார்த்தார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார்.

"என்னங்க சகலை இது?"

"சேவைங்க. ஆரோ கொள்ளுச் செடி காயப் போட்டிருந்தாங்க. நம்மால ஆனது."

"சகலை, இது கோரைங்க. பாய் நெய்யற கோரை. நசுங்குனா அத்தோட போச்சு."

செல்போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"சுத்தியும் கல்லு வெச்சிருப்பாங்களே?"

"இருந்துச்சுங்க. நாந்தான் எடுத்து ஓரமா வெச்சேன்."

"அதுவேற பண்ணுனீங்களா" என்றார் சகலை. சிரிப்பார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். எதற்கும் சிரிக்கிற மனிதர், சிரிக்கவில்லை.

கோட்டையில் ஒளிந்துகொள்ளத் தோதான மூன்று இடங்களைப் பார்த்துவைத்தேன். வீடியோவை அழித்தேன். நாலு படி இறங்கும்வரை பாவம் தீர்ந்த மாதிரிதான் இருந்தது. ஐந்தாவது படியில் திரும்பி வந்துவிட்டது. திரும்பிப் போய்ச் சொல்வதென்றால் யாருடைய கோரையென்றே தெரியாது, எப்படிக் கண்டுபிடிப்பது என்றேன். போட்ட இடத்தில்தான் இருப்பார்கள் என்றார் சகலை. வீட்டில் என்னைத் தேடுவார்கள் என்றேன். போன் செய்து சொல்லிவிடலாம் என்றார். அப்படியென்றால் நீங்களும் வாருங்கள் என்றேன்.

"நா வல்லீங்க. நாளைக்கும் வெத்தலை எடுக்க அந்த வழிதானுங்க நா போகோணும். ரெண்டு பேருக்கும் சேத்து வெளக்குமாத்துலயே உழுகும்."

உச்சி வெயில். எதிர்க்காற்று. மோகனூர் சாலையில் தனியாக மிதித்தேன். அன்றைக்குத்தான் கியர்களையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். எதைப் போட்டாலும் வண்டி ஒரே கனம்தான்.

இடத்துக்கு வந்ததும் செய்த முதல் காரியம், சைக்கிளைத் தூரத்திலேயே ஒரு தென்னைமரத்துக்குப் பின்னால் மறைத்தது. வழிப்போக்கன் மாதிரி நடந்து போனேன். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிய ஒரு அம்மா தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கோரையை ஒரு கைப்பிடி எடுப்பார், ஒவ்வொரு தாளாக விரலுக்குள் விட்டு இழுப்பார். நல்லதை வலப்பக்கம் போடுவார், நசுங்கியதை இடப்பக்கம். இடப்பக்கக் குவியல்தான் பெரிதாக இருந்தது.

என் தலையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, "ஆருங்க, சர்வேக்காரருங்களா?" என்றார்.

"இல்லீங்க. சும்மா இந்தப் பக்கம்… என்னங்க்கா ஆச்சு?"

கேட்க ஆளில்லாமல்தான் இருந்திருக்கிறார். கொட்டித் தீர்த்துவிட்டார். "காத்தால ஒரு வாய் சோத்தத் தின்னுட்டு வரலாமுன்னு ஊட்டுக்குப் போனனுங்க. வந்து பாத்தா எந்த எடுபட்ட நாயோ மேல ஓட்டீட்டுப் போயிருக்குது. மூணு நாளாக் கண்ணுல வெச்சுக் காயப்போட்டதுங்க. சாயந்தரம் யாவாரி வண்டி வருது."

"நசுங்குனதும் கலந்து போனா வாங்க மாட்டாருங்களா?"

கை ஓடிக்கொண்டே இருந்தது. "வாங்குவாருங்க. அதுதானுங்க வெனையே. மத்தவங்க கட்டுகளையெல்லாம் அவுத்து, நடுவுல கையை உட்டுப் பாத்துத்தான் எடுப்பாரு. என்ற கட்ட மட்டும் அவுக்க மாட்டாரு. அப்படியே தூக்கி வண்டில போட்டுருவாரு. பதினஞ்சு வருசமா அப்படித்தான். இன்னிக்கு நாலு நசுங்கலு உள்ள போச்சுன்னு வைங்க, நாளைக்கு இருந்து என்றதையும் அவுப்பாரு."

பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று பையில் எடுத்து வைத்துக்கொண்டு வந்திருந்தேன். அதன்பிறகு கை பைக்குள் போகவில்லை. எதிரே உட்கார்ந்தேன். எப்படிப் பார்ப்பதென்று கேட்டேன். நசுங்கிய இடம் வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லும் என்றார். நானும் பொறுக்கத் தொடங்கினேன்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவர் திட்டத் தொடங்கியதும் எனக்கும் சுருதி சேர்ந்துவிட்டது.

"கண்ணு அவிஞ்சு போனவனா இருப்பானுங்களா?" என்றார்.

"கண்ணு இருந்திருந்தா ஓட்டுவானுங்களா?" என்றேன்.

"குடிகாரனா இருப்பானோ?"

"குடிச்சவன் கோணலாப் போயிருப்பானுங்க. இது நேரா இருக்குதே."

"ஆமாங்க, போனவன் திரும்பி வந்து வந்து ஓட்டீருக்கறான். பித்துப் புடிச்சவன்."

"படிச்சவனா இருக்குமுங்க."

"படிச்சவனேதான்! கல்ல அடுக்கி வெச்சிருக்கற லட்சணத்தப் பாருங்க, கோயலு கட்டறாப்புல."

இருவரும் சிரித்தோம். அவர் சிரித்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. என்னை நானே திட்டிக்கொண்டதில் பாதிப் பாவம் கழிந்துவிட்டதாகக்கூட ஒரு கணக்குப் போட்டேன். நகைச்சுவை உணர்ச்சி உள்ளவன் என்று பேர் வாங்கியவர்கள் செய்யும் அயோக்கியத்தனம் இதுதான். முந்திக்கொண்டு நம்மை நாமே கிண்டல் செய்துகொண்டால் வேறு யாரும் நம்மைத் தண்டிக்க மாட்டார்கள்.

என் ஹெல்மெட்டுக்குள் வேர்வை ஓடுவதைப் பார்த்து, "அந்தச் சட்டியக் கழட்டி வெச்சுட்டு இதையக் கட்டிக்கங்க சாமி" என்று தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். ஹெல்மெட்டைக் கழற்றினேன். கட்டிக்கொண்டேன். அவர் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அதே வெயிலில் பொறுக்கினார்.

மொபெட்டில் புல்லுக்கட்டோடு போன ஒருவர் வண்டியை நிறுத்தி, "ஆருங்க்கா இது, புது ஆளா இருக்குது?" என்று கேட்டார்.

"ஆரோ வழியில போன நல்ல மனுசன். பாவம், கேக்காமயே ஒக்காந்து கை குடுக்கறாரு."

"இந்தக் காலத்துல ஆருங்க இப்படி இருக்கறாங்க" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டே போனார் அவர்.

எடுபட்ட நாய், கண்ணு அவிஞ்சவன், பித்துப் பிடித்தவன், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு சிரித்தவன் நான். இந்த ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை. வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. பிரிக்காதது இன்னும் இரண்டு வரிசை கிடந்தது. வியாபாரி வண்டி வர அதிக நேரமில்லை. கையிலிருந்த தாளைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அதை ஓட்டுனது நாந்தானுங்க. கல்லை எடுத்ததும் நான்தான். கொள்ளுச் செடின்னு நெனச்சுட்டேன். சைக்கிளு அந்தத் தென்னமரத்துக்குப் பின்னால இருக்குதுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தென்னைமரத்தையும் பார்க்கவில்லை. விரலுக்கு நடுவில் ஒரு தாளை முனைவரைக்கும் இழுத்து, வலப்பக்கம் போட்டார். அடுத்த கைப்பிடியை எடுத்தார்.

"கை நிக்குது, பொறுக்குங்க."