ராகு காலத்தில் ஒரு தீர்மானம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மடவார் வளாகத்துக் கோயிலில், துர்க்கை சன்னதி முன்னால் எலுமிச்சை மூடியில் நெய் ஊற்றித் திரி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ என்னைத் தேடுகிறார்கள் என்று பூக்காரம்மா வந்து சொன்னார்.

விளக்கை ஏற்றிவிட்டுப் போய்ப் பார்த்தால்... ரோஸ்மேரி. செருப்பு விடுகிற இடத்தில் நிற்கிறாள். கையில் பள்ளிக்கூடத்துத் தீர்மான நோட்டு.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பைத் தாண்டாத நான்தான் எங்கள் பகுதி அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. பெற்றோர்கள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு யாரும் கை தூக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரோஸ்மேரி அதே குழுவில் உறுப்பினர். வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள்.

பள்ளியில் மோட்டார் எரிந்துபோய்விட்டது. பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை. ரோஸ்மேரியின் மகள் ஜெனிபர் எட்டாம் வகுப்பு. காலையில் நிரப்பிக் கொடுக்கிற தண்ணீர் பாட்டில், சாயங்காலம் அப்படியே நிரம்பித் திரும்பி வரும். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டுமே? அதனால் குடிப்பதில்லை. இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

புது மோட்டார் மாட்டுவது யார் பொறுப்பு? கட்டடத்துக்கு ஓர் ஆபீஸ், வாத்தியார்களுக்கு ஓர் ஆபீஸ், சத்துணவுக்கு இன்னோர் ஆபீஸ். தலைமையாசிரியர் எல்லாப் படியும் ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் ஒரே பதில் — குழுவின் தீர்மானத்தைக் கொண்டு வாருங்கள்.

தீர்மானம் போட, பாதி உறுப்பினர்களாவது கூட வேண்டும். அம்மாக்கள் சமையலை முடித்துவிட்டு வர வசதியாக இருக்கும் என்று, தலைமையாசிரியர் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தார். நல்ல மனசு. ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். துர்க்கைக்கு விளக்குப் போடுகிற நேரம்.

எங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் அம்மாக்கள்.

அவரிடம் யாராவது இதைச் சொன்னோமா? இல்லை. "சரிங்க சார்" என்றோம். நான் ஒருத்தி போகாவிட்டால் என்ன, மற்றவர்கள் இருக்கிறார்களே என்று ஒவ்வொருத்தியும் நினைத்தோம். சன்னதியில் ஒருவரையொருவர் பார்த்தோம். சிரித்தோம். கற்கண்டு பங்கிட்டுக்கொண்டோம். கூட்டத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. மூன்று வாரம், ஆள் சேராமல் கூட்டம் தள்ளிப்போனது.

தலைவியே போகாமல் இருக்கலாமா என்று கேட்பீர்கள். எனக்கு ஒன்பது வாரம் விளக்குப் போடுவதாக வேண்டுதல். நடுவில் ஒரு வாரம் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த மூன்று வாரமும் கூட்டத்துக்கு வந்த ஒரே அம்மா ரோஸ்மேரி. இது நாலாவது வாரம். வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அம்புட்டுப் பேரும் இங்கனதான் இருக்கீகளாக்கா? நான் அங்க ஒத்தையில உக்காந்து ஃபேனப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"ஒம்பது வார வேண்டுதல்..." என்று இழுத்தேன்.

"எதுக்குக்கா இந்த வேண்டுதல்?"

"பள்ளிக்கூடத்துக்கு... மோட்டார் வரணும்னு."

அவள் சிரிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். ஜெனிபருக்கு டி.சி. கேட்டு எழுதிய கடிதம்.

"இன்னைக்கும் கூடலன்னா இதக் குடுத்துட்டுப் போயிருவேன். ராஜபாளையத்துல எங்க அக்கா வீட்டுல விட்டுருதேன். தண்ணி குடிக்காம எம்புட்டு நாளைக்குக்கா பிள்ளை இருக்கும்?"

உள்ளே போனேன். அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு. பிறகு எங்கள் குழுப் பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் தயங்கினார்கள். ராகு காலத்தில் கையெழுத்துப் போடுவதா? "துர்க்கைய இந்த நேரத்துலதான கும்பிடுதோம். அவளுக்கு ஆகுற நேரம் நமக்கு ஆகாதா?" என்று கேட்டேன். அது சரியா என்று எனக்கே தெரியாது. ஆனால் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

விபூதி நெற்றியோடு, நெய்க் கையோடு பள்ளிக்கு நடந்தோம். தலைமையாசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். பதினொன்றே முக்காலுக்குத் தீர்மானம் நிறைவேறியது. நோட்டில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நெய்க் கறை இன்னும் இருக்கிறது.

நேரத்தை மாற்றச் சொல்லித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மொத வாரமே சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேனேம்மா" என்றார். மூன்று மணிக்கு வைக்கலாமா என்றார். நாங்கள் பழையபடி "சரிங்க சார்" என்றோம்.

ரோஸ்மேரி மட்டும் உடனே சொன்னாள். "மூணு மணிக்கு எனக்கு ஜெபம் இருக்கு சார்."

இப்போது கூட்டம் இரண்டு மணிக்கு. அவ்வளவுதான். ஒரு வாய் வார்த்தை.

போன வாரம் மோட்டார் வந்துவிட்டது. ரோஸ்மேரி அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் யாருக்கோ ஜாக்கெட் அளவு எழுதியிருக்கிறாள். ஜெனிபரின் பாட்டில் காலியாகத்தான் வீடு திரும்புகிறதாம். என் வேண்டுதலில் ஒரு வாரம் மிச்சம் இருக்கிறது. முடித்துவிடுவேன்.

அம்மன் அத்தனை வாரமும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தாள். தலைவியைத்தான் காணோம்.